அக்காவின் மோட்டாரும் சுருங்கிய புரோகிராமும்

கள்ளக்குறிச்சியில் நானும் ஒரு கூட்டாளியும் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி செய்கிறோம். பெட்டிக்குப் போன் அடித்தால் மோட்டார் ஓடும். கிணற்றில் தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்கும். உள்ளே இருக்கும் சிப் சின்னது. பெட்டி தமிழில் பேசும் வசதியைச் சேர்த்ததும் புரோகிராம் அதில் அடங்கவில்லை.

கூட்டாளி உட்கார்ந்து புரோகிராமை மாற்றி அடுக்கினான். ஏற்றிப் பார்த்தால், சிப்பில் தாராளமாக இடம் மிச்சம். அளவு குறைந்த எதையும் நான் நம்புவதில்லை. பால் பாக்கெட்டைக்கூடத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

"எதைத் தூக்கிட்ட?"

"ஒண்ணும் தூக்கலண்ணா. ஒரே வேலைய அங்கங்க திரும்பத் திரும்ப எழுதிக்கினு இருந்தோம். இப்ப ஒரே எடத்துல வச்சி, வேணுங்கறப்ப கூப்புட்டுக்கறேன்."

பதிலில் குறையே இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

முதல் பெட்டி கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளி போட்டிருக்கும் என் அக்காவுக்கு. போன வருடம் தண்ணீரில்லாமல் ஓடி அவள் மோட்டார் கருகியது, பயிரும் காய்ந்தது. இன்னொரு முறை கருகினால் இந்த வெள்ளாமையும் போய்விடும். அதனால் நானே பெட்டியோடு போனேன்.

கோடைக் கிணறு, சீக்கிரமே வற்றியது. மோட்டார் தானே நின்றது. "பரவால்லடா" என்றாள் அக்கா. எனக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர் ஊறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அதற்குள் மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டது.

எங்கள் பக்கம் அதற்காக யாரும் காத்திருப்பதில்லை. கண்டன்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுவார்கள். அதற்கென்று பெட்டியில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறோம். அக்கா அதைத் தட்டினாள். கொஞ்சம் தண்ணீர் வந்தது, பிறகு வெறும் காற்று. மோட்டார் நிற்கவில்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

பேஸ் போனால் நிறுத்துவது, தண்ணீர் தீர்ந்தால் நிறுத்துவது, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதென்று கூட்டாளி ஒரே சோதனையாக்கியிருந்தான். அந்தச் சுவிட்சைப் போட்டால் பேஸ் சோதனை மட்டும் விலக வேண்டும். தண்ணீர் சோதனையும் சேர்ந்து விலகிவிட்டது. மறுநாளே பிரித்து எழுதினான். அப்போதும் சிப்பில் இடம் இருந்தது.

சந்தேகப்பட்டது வீண்போகவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. பெட்டியை மறுபடி மாட்டி, தண்ணீர் தீர்ந்ததும் நிற்பதைக் காட்டினேன்.

"இனிமே வூட்ல இருந்தே போன் அடிச்சா போதும்க்கா."

"செஞ்சவன் நீயே நம்பாம கூடவே வந்து நின்ன. நான் இன்னாத்த நம்பறது?"

இப்போதும் அக்கா போன் அடித்துத்தான் மோட்டார் போடுகிறாள். கிணற்றடியில், மெயின் பக்கத்திலேயே நின்றுகொண்டு.