பக்கத்து இலைக்கு இன்னும் வரவில்லை

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். சென்னையிலிருந்து லண்டன் போகும் விமானத்தில், கண் முன்னால் தட்டு நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டே சாப்பிடாமல் மயங்கி விழப் பார்த்தவள் நான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரரே முதலில் நம்பவில்லை.

திண்டுக்கல்லில் நாங்கள் இருவரும் விசேஷ வீடுகளுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம், சர்ச் திருவிழாச் சாப்பாடு என்று எது வந்தாலும் அடுப்படி அவர் பொறுப்பு, பந்தி என் பொறுப்பு. இலை போடுவதிலிருந்து எடுப்பது வரை நான் நடந்துகொண்டே இருப்பேன். வாயும் நடந்துகொண்டே இருக்கும். "ஏலே, அந்தக் கடைசி எலைக்கு வெஞ்சனம் போகல பாரு, பொரியலக் கொண்டா" என்று நான் போடும் சத்தம் மண்டபத்துக்கு வெளியே கேட்கும் என்று எங்களிடம் பரிமாறுகிற பையன்கள் கேலி செய்வார்கள்.

ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. அதே மாதம் லண்டனில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ரத்தக்கொதிப்பு கூடிவிட்டது, படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அவர் வீட்டுப் பக்கமும் வரக்கூடிய நிலையில் யாரும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தால்தான் அவளுக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள்.

எனக்கோ முழங்கால் வலி, போதாக்குறைக்குச் சர்க்கரை. மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாகப் பறந்து பறந்து சேர்த்து வைத்திருந்த பாயிண்டை வைத்து எனக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டுவிட்டார்கள். எதற்கு இந்த ஆடம்பரம் என்று போனில் சத்தம் போட்டேன். "அம்மா, அந்தப் பாயிண்டு சும்மாதான் கெடக்கு. அம்புட்டு நேரம் கால மடக்கி ஒக்காந்து வந்தா நீ எறங்கி நடக்க மாட்ட. அப்புறம் யாரு யாரப் பாக்குறது?" என்றாள் மகள். பெட்டியைக் கட்டினேன். திண்டுக்கல் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வந்த என் வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னது, "அங்கிட்டுப் போயும் பந்தி மேய்க்காத. குடுக்குறதச் சாப்டுட்டுப் பேசாமத் தூங்கு." என்னை முப்பது வருடமாகப் பார்க்கிறவர் இல்லையா!

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தூக்கம் எங்கே வந்தது? கண்ணெல்லாம் அவர்கள் பரிமாறும் விதத்தில்தான். முதலில் ஒரு பெண் இடுக்கியால் பிடித்துச் சூடான ஈரத்துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். கை துடைக்க. ஆவி பறந்தது. நம் மண்டபங்களில் பந்திக்கு முன்னால் இப்படிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பாதிப் பேர் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்து முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போகும் என்று தோன்றியது. அடுத்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரு அட்டை. அதில் இன்றைய சாப்பாடு என்னென்ன என்று அச்சடித்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்ததில் சிக்கன் பிரியாணி என்று இருந்தது. திண்டுக்கல்காரியிடம் பிரியாணியா, பார்த்துவிடுவோம் என்று அதையே விரலை வைத்துக் காட்டினேன்.

அந்தப் பெண் ஆங்கிலத்தில் வேறு ஏதோ கேட்டாள். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாள் என்பது புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. இது என்ன கேள்வி? பந்தி எப்போதோ அப்போதுதானே சாப்பாடு? எல்லாருக்கும் போடும்போது எனக்கும் போடுங்கள் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கையை வட்டமாகச் சுழற்றிக் காட்டிச் சொன்னேன். சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போனாள்.

என் பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரர். அறுபது வயது இருக்கும். நரைத்த தாடி, கசங்கிய சட்டை, ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள். எங்கள் இருவர் சீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தடுப்பு இருந்தது. அதை இறக்கியே வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பெண்ணிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, கண்ணுக்குக் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார்.

விமானம் மேலே போய் நிதானமானதும் அந்தப் பெண் வந்து, கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மேசையை உருவி எடுத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்தாள். இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் நான் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும், போட்ட அரைமணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மண்டபத்தில் கடைசிப் பந்திக்கு எங்கள் ஆட்களோடு உட்காரும்போது, இலை விழுந்ததும் உள்ளே போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவேன். இலை போட்டால் சோறு வந்துவிடும் என்பது எனக்குப் பழகிப்போன ஒன்று. வெள்ளைத் துணியும் எனக்கு இலை மாதிரிதான் தெரிந்தது. முந்தானையால் மறைத்துக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

சாப்பாடும் வந்தது. ஒரு தட்டில் இலைதழைகளோடு ஏதோ ஒரு கறித்துண்டு, ஒரு கூடையிலிருந்து எடுத்து வைத்த ரொட்டி, வெண்ணெய், விரல் நீளத்துக்கு உப்பு டப்பா. எல்லாம் அழகாக இருந்தது. நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அவருக்கு மேசையே எடுத்துப் போடவில்லை.

எங்கள் பக்கம் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து இலைக்குச் சோறு விழாமல் யாரும் தன் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். மூன்று வயதுப் பிள்ளை எடுத்து வாயில் வைத்தால்கூட "செத்த நேரம் பொறு அப்பு, மாமாவுக்கு வரட்டும்" என்று கையைப் பிடிப்பார்கள். ஊருக்கெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற நான், பக்கத்தில் ஒரு மனுஷன் வெறும் மேசைகூட இல்லாமல் கிடக்கும்போது எப்படிச் சாப்பிடுவேன்? இப்போது எழுப்பிவிடுவார்கள், இப்போது கொண்டுவருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

தலையை நீட்டி முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருவர் இனிப்புக்கே வந்துவிட்டார். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்போதுதான் சூப்பைத் தொடுகிறார். இன்னொருவர் சினிமா பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார், முன்னால் தண்ணீர்கூட இல்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. இது என்ன பந்தி, யார் இதற்குப் பொறுப்பு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். சாப்பாடு போட்ட பெண் ஒரு தடவை வந்து என் தட்டைப் பார்த்து ஏதோ கேட்டாள். "வெயிட்டிங், வெயிட்டிங்" என்று சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். சாப்பிட அவசரமில்லை என்று நினைத்திருப்பாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. நெற்றி வேர்த்தது. அந்தக் குளிரில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்க ஆரம்பித்தது. இது சர்க்கரை இறங்குகிற வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கைப்பையில் கடலைமிட்டாய் இருந்தது, ஆனால் பை தலைக்கு மேலே பெட்டிக்குள். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் கேட்கவில்லை. ரொட்டி ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அதை எடுத்து வாயில் போடாமல் அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? தூங்குகிற அந்த மனுஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை இறங்கினால் புத்தியும் சேர்ந்து இறங்கிவிடும்போல. பிள்ளையைப் பார்க்காமலே போகிறேனே என்று ஒரு நினைப்பு வந்தது. பயந்துபோனேன். கூப்பிடலாம் என்று கையைத் தூக்கியதில் தண்ணீர் டம்ளர் தட்டுப்பட்டு, அவர் போர்வைமேல் கவிழ்ந்தது.

அவர் துள்ளி எழுந்தார். கறுப்புத் துணியைக் கழற்றினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மணியை அழுத்தினார், அது போதாதென்று எழுந்து நின்று சத்தமாகக் கூப்பிட்டார். ஓடி வந்தவர்களுக்கு நான் தமிழில் முனகியது புரியாததால், பின்பக்க வகுப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பெண்.

"என்னம்மா செய்யுது? சீனி வருத்தம் இருக்கோ?" என்றாள். சர்க்கரைதான், ஊசி போட்டேன், சாப்பிடவில்லை என்றேன். அவ்வளவுதான், ஆரஞ்சுச் சாற்றில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி என் வாயருகே பிடித்தாள். ஒரு டம்ளர், பிறகு இன்னொன்று. உள்ளே இறங்க இறங்க எதிரே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தெளிவாகத் தெரிந்தார்கள். "சாப்பாடு முன்னுக்கே இருக்குது. ஏனம்மா சாப்பிடேல்லை?" என்று கேட்டாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்? "அவுகளுக்கு இன்னும் ஒண்ணும் வரலியேம்மா. பக்கத்து எலை காலியாக் கெடக்கும்போது நா எப்புடித் திங்க?" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். அந்த மனிதர் தன் மேசையைத் தானே உருவிப் போட்டார். என் தட்டிலிருந்த ரொட்டியைக் காட்டி, எடுக்கலாமா என்று கையால் கேட்டார். தலையாட்டினேன். பாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை என் கையில் வைத்துவிட்டு, மறுபாதியைத் தன் வாயில் போட்டு மென்றார். நானும் மென்றேன். அவருக்கும் வெள்ளைத் துணி விரித்தார்கள். எனக்கு என்ன வந்ததோ அதுவே அவருக்கும் வந்தது.

பிரியாணி நீள நீள அரிசி, மசாலா என்று பேருக்குத்தான். என் வீட்டுக்காரர் பார்த்தால் அழுதிருப்பார். நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அவரும் மெதுவாகச் சாப்பிட்டார். நடுநடுவே திரும்பி என் தட்டைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். தட்டை எடுக்க வந்தவர்களை ஒரு தடவை கையைக் காட்டி நிறுத்தினார். அப்போது எனக்கு இன்னும் இனிப்பு பாக்கி இருந்தது. கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழுந்திருப்பதில்லை என்பதையும் அந்தத் தமிழ்ப் பெண் அவருக்குச் சொல்லியிருக்கிறாளா, அல்லது அவராகத்தான் செய்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் முடித்ததும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, ஈரப் போர்வையை மாற்றி வாங்கிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார்.

பிறகு அந்தத் தமிழ்ப் பெண் என்னைப் பார்க்க வந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வழியில் ஏதாவது ஊரில் விமானத்தை இறக்க வேண்டி வந்திருக்கும் என்றாள். நான் அவரைக் காட்டி, பாவம், தூங்கின மனுஷன், நல்ல பசி போல என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்லையம்மா. அவர் எயார்போர்ட்டிலயே வயிறு முட்டச் சாப்பிட்டவராம். தனக்கு ஒண்டும் வேண்டாம், எழுப்ப வேண்டாம் எண்டு ஏறினவுடனே சொல்லிப்போட்டுத்தான் படுத்தவர்."

நான் திரும்பிப் பார்த்தேன். கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கும்போது இரண்டு கையையும் கூப்பினேன். அவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பினார். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தில் நடந்து போய்விட்டார்.

மகளிடம் சொன்னபோது, "லூசாம்மா நீ? நீ வரலைன்னா நா என்ன பண்ணியிருப்பேன்?" என்று திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதாள். பன்னிரண்டு நாள் கழித்து பேத்தி பிறந்தாள். நான்தான் முதலில் கையில் வாங்கினேன்.

இப்போது எங்கள் பந்திகளில் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். சர்க்கரைக்காரர்கள், மாத்திரைக்காரர்கள் என்று பந்திக்குக் காத்திருக்க முடியாதவர்கள் யாராவது வந்து கேட்டால், ஓரமாக இரண்டு இலை போடுவோம். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் எங்கள் ஆள் ஒருவர் உட்கார்ந்து கூடச் சாப்பிடுவார். அது எதற்குத் தண்டச் செலவு என்று முதலில் முறைத்த என் வீட்டுக்காரர், இப்போது ஆள் இல்லாத சமயம் அவரே போய் உட்கார்ந்துவிடுகிறார்.

பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுவதையே இத்தனை வருடமாகப் பெரிய காரியம் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, துளிகூடப் பசியில்லாமல் என் ஒருத்திக்காக உட்கார்ந்து சாப்பிட்ட அந்த மனிதர்தான் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது இலையில் தெரிகிறார்.