பக்கத்துக் கட்டையின் கத்தி

கப்பல் வேலையை விட்டு வந்து, திரேஸ்புரம் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்க நான் உட்கார்ந்த அதே வாரம்தான் அவனும் பக்கத்து வெட்டுக்கட்டையில் வந்து உட்கார்ந்தான். அதற்கு முன்பு வலை பின்னிக்கொண்டிருந்தவன். கத்தி தீட்டுவதில் இரண்டு பேருமே கத்துக்குட்டிகள். ஒரே கடையில் ஆளுக்கொரு சாணைக்கல் வாங்கினோம். மாதம் முடிவதற்குள் அவன் முன்னால் கூட்டம். என் முன்னால் ஈ.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துப் பேச என்ன இருக்கிறது? அவன் கத்தி சீலா மீனுக்குள் சத்தமில்லாமல் இறங்கும். என் கத்தி தோலிலேயே நின்று யோசிக்கும். அழுத்தினால் சதை கிழிந்து துண்டு நார்நாராகும். அவனுடையதுதான் நல்ல கல் என்று முடிவுகட்டி, மாற்றிக்கொள்வோமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான். என் கல்லிலும் அவன் கத்திக்குக் கூர் ஏறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஆனாலும் எப்படித் தீட்டுகிறாய் என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் கத்தியைக் கடலில் வீசிவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து என் மனைவி மீன் வாங்க வந்தாள். சீலா ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் அவன் வரிசையில் நின்றாள். மார்க்கெட்டே பார்த்தது.

வீட்டுக்குப் போனதும் போகாததுமாகக் கேட்டேன். “நம்ம வீட்டு மீன அங்கன எதுக்குக் குடுத்த?”

“நீங்க வெட்டுனா கொழம்புல துண்டு ஒடஞ்சு போவுதுல்லா? அந்த அண்ணன் கத்தியக் கல்லுல லேசா தடவுதாரு. நீங்க கப்பல்ல துரு தட்டுத மாதிரி அந்த அழுத்து அழுத்துதீங்க.”

அவன் கையை இவள் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாள்! அன்று குழம்பில் ஒரு துண்டும் உடையவில்லை. உப்புப் பத்தவில்லை என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து ஓரக்கண்ணால் அவன் கையையே பார்த்தேன். அவனும் அந்த வாரமாகப் பார்த்துக் கல்லை என் பக்கம் திருப்பிப் போட்டு, விரலை எங்கே வைக்கிறான் என்பதுகூடத் தெரியும்படி மெதுவாகத் தீட்டினான். பீற்றிக்கொள்கிறான், பீற்றட்டும் என்று பல்லைக் கடித்தேன். கத்தியைச் சாய்த்து, அவனைப் போலவே இழுத்துப் பார்த்தேன். வருஷக்கணக்கில் துரு தட்டிய கை, லேசில் அடங்கவில்லை. பாரம் போடாதே, பாரம் போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் அவள் வந்தாள். அவன் வேலையில்லாமல் சும்மாத்தான் உட்கார்ந்திருந்தான். இருந்தும் சீலாவை என் கட்டையில் வைத்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கத்தி தானாக இறங்கியது. முழுசாக வந்த முதல் துண்டை அவன் கண்ணில் படும்படி தூக்கிக் காட்டினேன்.

என் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றாள் அவனிடம். “அவுக வாயத் தொறந்து கேக்க மாட்டாக, நீங்களாத்தான் காட்டணும்னு அன்னைக்கே சொன்னேன்லா?”

அடுத்த துண்டு கிழிந்து வந்தது.