பிஷப் மேட்டில் ஒரு சிமென்ட் இன்ஜின்

கிளெம் ஹெப்வொர்த்திடம் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டால், வலிக்காத இடத்தைச் சொல்வதுதான் சுலபம் என்பார். இடது காது. மற்றதெல்லாம் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் மலைச்சாலைகளில் முப்பத்துச் சொச்சம் வருஷம் பஸ் ஓட்டியதில் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும், சாப்பாட்டு மேஜையிலிருந்து யாராவது சட்டென்று எழுந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பிரேக். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், ஏறுகிற ஒவ்வொருவரும் "இது அங்கதானே போகுது?" என்று கேட்பார்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி, வீட்டில் பேசுவதற்கென்று அவரிடம் சொற்கள் அதிகம் மிஞ்சவில்லை.

மிஞ்சிய கொஞ்சத்தையும் தோட்டத்து மூலையிலுள்ள மரக் கொட்டகையில், மோட்டார் சைக்கிள்களிடம் செலவழித்தார். அசல் மோட்டார் சைக்கிள்கள் அல்ல. நூறு வருஷத்துக்கு முந்தைய வண்டிகளின் நகல்கள். முதலில் செய்ததற்குப் புல்வெட்டும் யந்திரத்தின் இன்ஜின். அடுத்ததற்குத் தண்ணீர் இறைக்கும் இன்ஜின். இப்போது செய்வதற்கு, ஒரு கொத்தனார் கைவிட்ட சிமென்ட் கலவை யந்திரத்தின் இன்ஜின். கிறிஸ்துமஸ் வான்கோழி வறுக்கும் தட்டுகள் இரண்டை முகத்தோடு முகம் வைத்துப் பற்றவைத்தால் பெட்ரோல் டாங்க் ஆயிற்று. பிஸ்கட் டின் மூடிகளை வட்டமாக வெட்டி அடுக்கி இன்ஜினுக்குச் சட்டை போட்டுவிட்டால், பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக்கூட அது சிமென்ட் கலக்கிய பிறவி என்று தெரியாது. வான்கோழித் தட்டு எங்கே என்று அவர் மனைவி பெரில் இரண்டு கிறிஸ்துமஸ்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஊரின் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் இரண்டு சாதி உண்டு. அசல்காரர்கள் முன்னால் போவார்கள். நகல்காரர்கள் இருக்கைக்குப் பின்னால் ஒரு டீ ஸ்பூனைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் வரவேண்டும். அது கிணுகிணுக்கும், கேட்டவர்கள் நகல் வருகிறது என்று தெரிந்துகொள்வார்கள். மே மாதக் கடைசி ஞாயிறு, சந்தை மைதானத்தில் புறப்பட்டு பிஷப் மேட்டில் ஏறி, உச்சியிலுள்ள விடுதியில் டீ குடித்துக் கலைவது வழக்கம். பிஷப் மேடு சாதாரண மேடல்ல. முன்னொரு காலத்தில் ஒரு பிஷப்பைச் சுமந்து வந்த குதிரை பாதி மேட்டில் நின்று, திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டதாம். பிஷப் மீதியை நான்கு காலில் ஏறினாராம். குதிரை அதைப் பார்த்துச் சிரித்தது என்று சொல்பவர்களும் உண்டு. அதை மட்டும் நம்பவேண்டாம்.

மேட்டில் நின்றுபோன நகலை அவரவர் குடும்பம்தான் தள்ளவேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் தள்ளப்பட்டவருக்குச் சங்கத்தில் வண்டி கிடையாது. உச்சிக்கு டீ கொண்டுபோகிற வேனை ஓட்டவேண்டும், இன்னொருவர் அதே மாதிரி தோற்று வரும்வரை. இப்போது ஓட்டுகிற யூனிஸ் அம்மாள் அப்படி வந்தவர்தான். கிளெம் இரண்டு வருஷம் தள்ளப்பட்டிருந்தார். இரண்டு தடவையும் தூறல். இன்ஜினிலிருந்து பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் தோல் பெல்ட் நனைந்து வழுக்கி, இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, சக்கரம் சும்மா நின்றது.

மூன்றாவது தடவையை நினைத்தாலே அவருக்கு முதுகு வலித்தது. மறுபடியும் ஒரு ஸ்டீயரிங். மறுபடியும் பின்னாலிருந்து "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?"

"என் முட்டி இந்த வருஷம் வேலைநிறுத்தம்," என்று பெரில் முன்கூட்டியே அறிவித்திருந்தார். "நின்னுச்சுன்னா நீயே தள்ளிக்க. நான் கேக் தின்னுட்டு வேடிக்கை பாப்பேன்."

"தள்ள வேண்டியிருக்காது."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே."

"போன வருஷம் தண்ணி இன்ஜின். இது சிமென்ட்டு. இறுகிப் பிடிக்கும்."

இந்தத் தடவை கிளெம் எந்தக் குறையும் வைக்கக்கூடாது என்றிருந்தார். உச்சி விடுதியின் சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்குகிறது. மீசைக்காரர் ஒருவர், அதே மேட்டின் உச்சியில், தன் வண்டியோடு நிற்கிறார். ஏறிய வண்டி! அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் கொட்டகையில் ஒட்டி, குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்தே செய்தார். விளக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் விளக்கு. பெல்ட் வலப்பக்கம் என்றால் வலப்பக்கம். அதற்காக இன்ஜினையே திருப்பி உட்காரவைத்தார்.

ஒருநாள் டீ கொண்டுவந்த பெரில் போட்டோவை உற்றுப் பார்த்தார். தையல் வேலை செய்பவர். அவர் கண் துணியில்தான் போகும்.

"ஏய் கிளெம், இந்த ஆளு பொண்டாட்டி கோட்டைப் போட்டுட்டு வந்து நிக்கறான்."

"வண்டியப் பாரு. கோட்டை ஏன் பாக்கறே?"

"வண்டிய நீ பாக்கறே. கோட்டை யாராச்சும் பாக்கணுமில்ல?"

கிளெம் களைத்திருந்தார். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, கயிற்றை இழுத்து, இன்ஜினைக் கிளப்பினார். சக்கரம் சுற்றியது. ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, அது சுற்றுவதைப் பார்த்தபடியே தூங்கிப்போனார். சுற்றுகிறதா என்று பார்த்தாரே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மைதானத்தில் எப்போதும்போலத் தூறல். சங்கத் தலைவர் நெவில் பூத்ராய்ட், சிவப்பு அரைக்கோட்டும் அசல் வண்டியுமாக நின்றார்.

"யோவ் கிளெம், இந்த வருஷம் எந்தச் சட்டியில வந்திருக்கே?"

"வறுக்கற தட்டுல."

"வான்கோழி எங்கய்யா?"

"அதான் செவப்பு அரைக்கோட்டு போட்டுட்டு எனக்கு முன்னாடி நிக்குதே."

அன்று அவர் பேசியதிலேயே நல்ல வாக்கியம் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கயிற்றை இழுத்தார், ஏறி உட்கார்ந்தார், பிடியைத் திருகினார். வண்டி சிறு துள்ளலுடன் புறப்பட்டது. பின்னால்.

மெதடிஸ்ட் தேவாலயப் பெண்கள் கேக் விற்கப் போட்டிருந்த மேஜை அவருக்கு நேர் பின்னால் இருந்தது. பெண்கள் விலகினார்கள், கேக்குகளால் முடியவில்லை. கிளெமின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. தரையில் பிரேக் இல்லை.

மைதானம் சிரித்து ஓய்வதற்குள் அசல்காரர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அடிபடலியே? நல்லது. நாங்க கெளம்பறோம். நகலுங்க கெளம்பறதுக்குள்ள வண்டி முன்னால போகணும். இல்லேன்னா அதுவும் தள்ளினதாத்தான் கணக்கு..." டீ வேனைக் காட்டினார். யூனிஸ் அம்மாள் ஏற்கெனவே ஏப்ரனைக் கழற்றிச் சாவியை அதன் மேல் வைத்துவிட்டிருந்தார். அந்த முகத்தில் விடுதலை தெரிந்தது. "என் அக்கா வீட்டுக்குப் போறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, குடையை விரித்து நடந்தேவிட்டார்.

கிளெம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். விட்டுவிடலாம் என்று தோன்றியது. மனதுக்குள் விட்டேவிட்டார். வேன் இருக்கை எப்படியிருக்கும், முதுகுக்குத் தலையணை வேண்டுமா என்றுகூட யோசித்தாயிற்று.

பெரில் வந்து, அவர் தோளிலிருந்த கிரீமை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டார். "எலுமிச்சை. சர்க்கரை பத்தல." பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே. அந்தக் கோட்டுல பட்டன் பொம்பளைங்க பக்கம் இருந்துச்சு."

கிளெம் மெதுவாகத் திரும்பினார். "என்ன சொன்னே?"

"ஆம்பளைக் கோட்டுல இடப்பக்கம் மேல வரும். அதுல வலப்பக்கம் மேல வந்திருந்துச்சு."

அந்த மீசைக்காரர் மனைவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு வரவில்லை. போட்டோவைத்தான் யாரோ இடம் வலமாகப் புரட்டி அச்சிட்டிருந்தார்கள். அசலில் பெல்ட் இடப்பக்கம். குளிர்காலம் முழுக்க கிளெம் செய்தது கண்ணாடியில் தெரிகிற வண்டி. அந்தக் குட்டி இன்ஜினுக்குச் சுற்றத் தெரிந்தது ஒரே பக்கம்தான். அதைத் திருப்பி வைத்தால் வண்டி பின்னால் போகாமல் என்ன செய்யும்?

"கழட்டி மாத்தணும்னா ஒரு வாரம் ஆகும்," என்றார் கிளெம்.

"எங்க மில்லுல," என்றார் பெரில். இளவயதில் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். "சில தறி எதிர்ப்பக்கம் ஓடணும்னா இன்ஜினைத் திருப்ப மாட்டாங்க. பெல்ட்டை எட்டு மாதிரி குறுக்கால மாட்டிடுவாங்க. எனக்கு அது ஏன்னு தெரியாது. விரலை விடாதேன்னு மட்டும் சொல்லிக்குடுத்தாங்க."

கிளெம் எழுந்தார். எழும்போது முட்டிகள் இரண்டும் தனித்தனியாகச் சத்தமிட்டன. பெல்ட்டை எட்டாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். ஒரு சாண் போதவில்லை. ஸ்பூன்கள் கிணுகிணுக்கத் தொடங்கிவிட்டன. நகல்காரர்கள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, இடுப்பு பெல்ட்டை உருவினார். பஸ் கம்பெனி கொடுத்த தோல் பெல்ட். இத்தனை வருஷம் அவர் தொப்பையையே தாங்கியது, சிமென்ட் இன்ஜினையா தாங்காது? ஒரு சாண் வெட்டிக் கொக்கி போட்டு இணைத்தார். கால்சட்டைக்கு, கேக் பெட்டியின் ரோஜா நிற ரிப்பனை பெரில் கட்டிவிட்டார்.

"அழகாத்தான் இருக்கே," என்றார்.

வண்டி முன்னால் போனது.

மேட்டின் அடியில் வழக்கம்போல இன்ஜின் முனகியது. கிளெம் பெல்ட் வழுக்குவதற்காகக் காத்திருந்தார். அது அவருக்குப் பழகிப்போன சத்தம். வரவில்லை. குறுக்காகப் போட்ட பெல்ட் இன்ஜினின் சின்னச் சக்கரத்தை முன்னைவிட அதிகமாகச் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தது, ஈரத்திலும் விடவில்லை. பெல்ட் தன்னோடு தானே உரசி, தோல் கருகும் வாசனை வந்தது. நடக்கிற வேகம்தான். ஒரு கிழட்டு நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து, அலுத்துப்போய் முந்திக்கொண்டு போனது. பிஷப்பின் குதிரை உட்கார்ந்த திருப்பத்தில் நெவிலின் அசல் வண்டி நின்றிருந்தது. அவருடைய மருமகன் தள்ளிக்கொண்டிருந்தான். இந்த ஒரு நிமிஷத்துக்காக கிளெம் இரண்டு வருஷமாக ஒரு கிண்டலைத் தயார் செய்து வைத்திருந்தார். அதைச் சொல்ல மூச்சு இல்லை. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்தார். ஸ்பூன் கிணுகிணுத்தது.

உச்சியில் அவர் இறங்கியதும் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

"டீ எங்கப்பா?"

கிளெம் தோற்பார் என்று ஊரே அவ்வளவு உறுதியாக இருந்ததில், வேனை ஓட்ட வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. வேன் கீழே மைதானத்தில் நின்றது. விடுதிக்காரரோ வேன் வருகிற தைரியத்தில் அடுப்பே மூட்டவில்லை. நனைந்த, தாகமெடுத்த சங்கம் முழுக்க கிளெமைப் பார்த்தது. அவரைவிட நன்றாக அந்த மேட்டில் வேன் ஏற்றத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

"கிளெம்... நீ மட்டும் கொஞ்சம் கீழ போய்..."

"பஸ் போயிடுச்சு," என்றார் கிளெம். விடுதியின் கல் சுவரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கெஞ்சினார்கள். திட்டினார்கள். தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த நெவில் சங்க விதியைச் சொல்ல வாயெடுத்து, தன் வண்டி ஏறிய லட்சணம் நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டார். கிளெம் அசையவில்லை. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தார். தூக்கம்தான் வந்தது.

வெகுநேரம் கழித்து, கீழே எங்கோ கியர் கதறும் சத்தம் கேட்டது. டீ வேன், தவறான கியரில், சாலை முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு, திருப்பத்தில் வேலியிலிருந்து கொஞ்சம் இலை தழையைப் பறித்துக்கொண்டு மேலே வந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள். கிளெமின் வலது கால் மட்டும் தரையை அழுத்தவில்லை. அது தொங்கியபடி சும்மா கிடந்தது.

வேன் சுவரை ஒட்டி நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. கீழே மைதானத்திலேயே தங்கிவிட்டிருந்த, கார் தவிர வேறெதையும் ஓட்டிப் பழகாத பெரில், முகமெல்லாம் வியர்வையோடு எட்டிப் பார்த்தார்.

"ஏறு, மனுஷா. ஏன் உக்காந்திருக்கே?"

கிளெம் ஒரு கையில் ரிப்பனைப் பிடித்தபடி எழுந்து, படியில் காலை வைத்தார்.

"இது நம்ம வீட்டுக்குத்தானே போகுது?" என்று கேட்டார்.