ஸ்டோர் பக்கத்துச் சுவர்

“படிச்ச பிள்ளைன்னு சொன்னாக. இந்தப் பெட்டி உனக்கு மசியுமா ஆத்தா?” என்று மேகமலை எஸ்டேட் கணக்கப்பிள்ளை முதல் நாளே கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோவும் முடித்தவள். சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

அது, எஸ்டேட் வயர்லெஸ்ஸின் அலைவரிசை விலகாமல் காக்கும் கிரிஸ்டல் பெட்டி. டெல்லியிலிருந்து ரேடியோவில் வரும் நேரச் சிக்னலோடு ஒப்பிட்டுச் சரிசெய்வேன். இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் விலகும். வால்வு, கம்பி, பேட்டரி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். வாய்விட்டுத் திட்டினேன். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கடைசியில், பெட்டியே பழுது என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்.

உறையை ஒட்டும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிக்கும் பேச்சியம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏந்தாயி, நாங்க காய் உலத்த அடுப்பு மூட்டுற அன்னைக்கெல்லாம் அதப் போட்டுத் திட்டுறியே, ஏன்?”

பெட்டி மாட்டியிருந்த சுவரைத் தொட்டேன். சுட்டது. அந்தச் சூட்டில்தான் கிரிஸ்டல் விலகியிருக்கிறது. பனி ஈரம் படாத சுவர் என்று நானே தேடிப் பிடித்து ஆணியடித்த இடம் அது. அடுப்படியில் நிற்பவரிடம் கேட்க என்ன இருக்கிறது என்று மூன்று வாரமாக அவரிடம் பேசியதே இல்லை. கணக்கப்பிள்ளை என்னை எடைபோட்டது போலத்தான் நானும் அவரை எடைபோட்டிருக்கிறேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். அன்றைக்கும் விலகாமல் நிற்கிறதா என்று பார்க்க, அடுத்து அடுப்பு மூட்டும் நாளைப் பேச்சியம்மாவிடம் கேட்டு, சிக்னல் நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறேன்.