இருவர் வந்தால்தான் டேபிள்

ஒரகடத்தில் ஃபைன் டைனிங்கா என்று சிரிக்காதீர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு ஸ்டார் ஹோட்டல் வந்திருக்கிறது. அதன் மாடி ரெஸ்டாரன்டை வாரநாட்களில் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக மொத்தமாக வளைத்துப் போட்டுவிடுகிறார்கள். நமக்கு ஞாயிறு மதியம்தான்... அதுவும் அடித்துப் பிடித்து.

போன ஞாயிறு என் பிறந்தநாள். கணவர் போன பிறகு நான் அதைக் கொண்டாடியதே இல்லை. பையன் டொரன்டோவில்; பிறந்தநாளன்று மட்டும் தவறாமல் போன் பண்ணிவிடுவான். இந்த முறை எனக்கு நானே விருந்து வைத்துக்கொள்ளலாமே என்று நாலு நாள் முன்னாலேயே அங்கே போன் போட்டேன்.

"எத்தனை பேர் மேடம்?"

"ஒருத்தர்."

"சாரி மேடம், சண்டேல மினிமம் ரெண்டு பேர்."

ஒற்றை ஆளுக்குப் பசிக்காதா என்ன? எரிச்சலோடு வைத்துவிட்டேன். மறுநாள் திரும்பக் கூப்பிட்டு, "ரெண்டு பேர்" என்று கூசாமல் சொன்னேன். டேபிள் கிடைத்துவிட்டது.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால், அங்கே இன்னொரு சட்டம். இரண்டு பேரும் வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். வாசல் சோபாவில் உட்கார்ந்து, வராத ஆளுக்காக ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

செக்யூரிட்டிக்காரருக்கே பொறுக்கவில்லை. "இன்னாம்மா, உங்க ஆளு இன்னும் வர்லியா? இந்தப் பொண்ணும் அப்போலேந்து குந்திகினு கீது."

பக்கத்தில் ஓர் இளம்பெண், புது சுடிதாரில். நீயும் யாருக்காவது வெயிட்டிங்கா என்று கேட்டேன்.

"யாரும் வரமாட்டாவ மேடம்" என்றாள் மெதுவாக. "ரெண்டு பேருன்னாத்தான் டேபிள்னு சொல்லிட்டாவ. நான் ஒத்தையாத்தான் வந்தேன்."

பெயர் இசக்கி. ஊர் தென்காசிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டல். லைன் லீடர் ஆனதற்குத் தனக்குத்தானே ட்ரீட்டாம்.

நான் எழுந்தேன். ரிசப்ஷனில், "எங்க ஆள் வந்தாச்சு" என்றேன்.

பெரிய தட்டின் நடுவே கோலிகுண்டு அளவில் ஏதோ வந்தது. இசக்கி அதையே பார்த்தாள். "இம்புட்டுதானா மேடம்?" நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே ஆள் இருக்கச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

சாப்பாடு முடியும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், உங்க கை மட்டும் போட்டோல வரட்டுமா? தனியாத் திங்கேன்னு தெரிஞ்சா எங்கம்மா அழுவா. ஃப்ரெண்டோட வந்தேன்னு அனுப்பிருவேன்."

வளையல் தெரிகிற மாதிரி கையை நீட்டினேன். கிளிக். அடுத்து அவள் கையோடு நானும் ஒன்று எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன். அவளுக்குச் சந்தோஷம். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போது டொரன்டோவிலிருந்து பதில் வந்தது. "ஹேப்பி பர்த்டேம்மா. அப்பாடா, கம்பெனிக்கு ஆள் இருக்கே. என்ஜாய்!"

அதனால்தானோ என்னவோ... அன்று அவன் போன் பண்ணவில்லை.