குழாய்மேல் போட்ட கயிறு

1. பானை வண்டிக்காரன்

துப்பாக்கி தெரிந்து நான் இந்த வேலைக்கு வரவில்லை. பானை கட்டத் தெரியும் என்று வந்தேன். கறம்பக்குடிச் சந்தைக்கு எங்கள் வீட்டுப் பானைகளை மாட்டு வண்டியில் கொண்டுபோவேன். வைக்கோல் பிரி சுற்றி, கயிறு போட்டு, வண்டிச் சட்டத்தோடு இறுக்க வேண்டும். அசையாத பானை உடையாது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்கு அந்த ஒன்றுதான் உருப்படியாகத் தெரியும்.

என் அண்ணன் கருப்பையா காட்டு இலாகாவில் இருந்தான். பன்றியைப் புதரிலிருந்து கலைத்து ஓட்டும் ஆட்களுக்கு அவன்தான் தலை. ஆபீசருக்கு டெலஸ்கோப் வைத்த ரைபிள் ஒன்று வந்ததும், அதைக் காட்டுக்குக் கொண்டுபோக ஆள் தேடினார்கள். அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

"எந் தம்பிங்க. இவன் கட்டுன பானை ஒண்ணு ஒடைஞ்சதில்ல."

இலாகாத் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பானை ஒடைஞ்சா நாளைக்கே இன்னொண்ணு செஞ்சுருவ. இந்தக் கண்ணாடி ஒடைஞ்சா, இன்னொண்ணு சீமையிலேர்ந்து கப்பல்ல வரணும். சண்டை முடியணும். அதுவரைக்கும் ஒன்னைய வச்சுக் குறி பாப்பமா?"

2. கண்ணாடியைக் காப்பது

மேஸ்திரி வைது வைதுதான் வேலை சொல்வார். அவர் சொன்னதில் நான் சரியாகக் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஆகும்.

சுடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் டெலஸ்கோப் குழாயின் இரண்டு முனைக்கும் தோல் மூடி போட்டிருக்க வேண்டும். செம்மண் தூசி விழுந்தால் வேட்டித் தலைப்பால் துடைக்கக் கூடாது, கண்ணாடியில் கீறல் விழும். கோழி இறகால் தட்டிவிட்டு, அப்புறம் நைந்த மல் துணியால் ஒற்ற வேண்டும். பனியில் நனைந்த ரைபிளை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனால் உள்ளே ஆவி பிடித்துக்கொள்ளும், நிழலில் வைத்து ஆறவிட வேண்டும். சூரை முள்ளுக்குள் நுழையும்போது குழாய் நம் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். முள் நம்மைக் கிழித்தாலும் குழாயில் படக் கூடாது.

இவ்வளவும் செய்தேன். ஒரு கீறல் விழவில்லை. அந்த மிதப்பு எனக்கு இருந்தது.

3. அரிமளம் காடு

அரிமளத்துப் பக்கம் ஒரு பன்றி கடலைக் கொல்லைகளைக் கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தது. காவலுக்குப் போன ஒருவரை முட்டியும் விட்டது. சுடச் சொல்லி உத்தரவு வந்தது.

வழக்கமாக ரைபிளை என் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்களுக்குப் போவோம். இது தூரம். சரளை ரோடு, நடுவில் காட்டாறு வேறு. அதனால் வண்டியில் வைக்கோல் பரப்பி, ரைபிளைப் படுக்க வைத்து, பிரி சுற்றினேன். கயிற்றை நனைத்து, குழாய்க்கு மேலாகவே இரண்டு சுற்றுப் போட்டு, வண்டிச் சட்டத்தோடு சேர்த்து, காலால் உதைத்து இறுக்கினேன். அசையவில்லை.

அண்ணன் வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். நான் மாட்டை மெதுவாக விட்டதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு.

"ஏண்டா, பிள்ளத்தாச்சியவா கூட்டிட்டுப் போற? அங்கிட்டுப் பன்னி எங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"நீ பேசாம வாண்ணே. ஒடைஞ்சா ஒன்னையா வைவாக?"

காட்டோரம் போய் இறக்கினோம். மேஸ்திரி மூடியைக் கழற்றிக் கண்ணாடியைப் பார்த்தார்.

"வழியில எங்கயாச்சும் இடிச்சியா? கீழ போட்டியா?"

"இல்லைங்க. அசையவே இல்லைங்க."

ஆபீசர், "ஒண்ணு சுட்டுப் பாத்துருவமா?" என்று கேட்டார்.

"இருக்கறதே அஞ்சு தோட்டாங்க" என்றார் மேஸ்திரி. சண்டைக் காலம், தோட்டா வருவது நின்றுபோயிருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: "நம்பிச் சுடலாம்ங்க. பானை மாதிரி பத்திரமாக் கொண்டாந்திருக்கேன்."

ஆட்கள் தகரம் தட்டிக்கொண்டு வந்தார்கள். பன்றி வெளியே வந்து நின்றது. நூறு அடி இருக்கும். ஆபீசர் நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு தோளில் படவில்லை, பின்தொடையில் பட்டது. அடிபட்ட பன்றி திரும்பி, ஆட்கள் வந்த பக்கமே பாய்ந்தது. முன்னால் நின்றது அண்ணன்.

அவனை அதே வண்டியில், அதே வைக்கோலில் படுக்க வைத்தேன். இந்தத் தடவை மாட்டை அடித்து ஓட்டினேன். "மெதுவாப் போடா" என்றான். ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம். அவன் முனகல் நின்றுவிட்டது.

4. மேஸ்திரி காட்டியது

காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். தோளைப் பார்த்துத்தான் சுட்டேன் என்று ஆபீசர் ஒரே பிடியாக நின்றதால், மேஸ்திரி ரைபிளைச் சோதித்தார். பலகையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நூறு அடியிலிருந்து இரண்டு தோட்டா சுட்டார். இரண்டும் ஒரே இடத்தில், வட்டத்துக்கு ஒரு முழத்துக்கு மேல் இடப்பக்கம் தள்ளி விழுந்தன.

அப்புறம் குழாயை வெயிலில் சாய்த்துக் காட்டினார். கறுப்புப் பூச்சின்மேல் கயிறு பதிந்த தடம், முறுக்கு முறுக்காக.

"யாருடா இதுமேல கயிறு போட்டது?"

"நாந்தாங்க. அசையக் கூடாதுன்னு."

"குழாயச் சட்டத்தோட சேத்து இறுக்குனா, வண்டி போடுற குலுக்கெல்லாம் அதத் துப்பாக்கியோட கவ்விப் பிடிச்சிருக்கிற கொக்கியிலதான்டா விழும். கண்ணாடி ஒடையல. கொக்கி நகந்து குறி மாறிருச்சு."

தோல் மூடியை எடுத்துக் குழாயில் போட்டார். பிறகு, "கொக்கி தளந்துருச்சுன்னு மட்டும் ஆபீசர்ட்டச் சொல்றேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

அண்ணி முகத்தைப் பார்த்து எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது? எட்டு நாள் அவள் கையால் சோறு வாங்கித் தின்றேன். ஒன்பதாம் நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கயிற்றிலிருந்து தோட்டா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. வையவும் இல்லை.

"அப்படிக் கட்டுறதுக்கு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"அண்ணந்தான்."

அண்ணி தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு உள்ளே போனாள். அவள் அழுத சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

இப்போது ரைபிளுக்கு மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறேன். துப்பாக்கியின் கட்டையும் சுடும் குழலும் மட்டும் பள்ளத்தில் உட்காரும். டெலஸ்கோப்பைச் சுற்றி நான்கு விரல் வெற்றிடம், ஒரு துணிகூட அதைத் தொடாது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணாடி முழுசாக இருப்பதை வைத்துக் குறியும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். இடித்தாயா என்று கேட்டால் இல்லை என்பதோடு நிறுத்தாமல், எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

காட்டோரம் போனதும் முதல் வேலையாக ஒரு மரத்தில் சுண்ணாம்பு வட்டம் போடுகிறேன். ஆபீசர் முறைப்பார். தோட்டா வீணாகுதே என்பார் மேஸ்திரி. ஆபீசர் ஒன்று சுட்டு, அது வட்டத்துக்குள் விழுந்ததை நான் போய்த் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆட்களைப் புதருக்குள் இறங்கச் சொல்கிறேன்.