‘யெஸ்’ஸை நம்பாதவர்

தலையாட்டுகிறவர்களை அவர் நம்புவதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் “புரிஞ்சுதா?” என்று கேட்டபோது நாற்பது பேர் தலையாட்டினார்கள், பரீட்சையில் முப்பத்தொரு பேர் கோட்டை விட்டார்கள். அன்றிலிருந்து யார் தலையாட்டினாலும் “நிஜமாவா?” என்பார். அதுவே பெயராகிவிட்டது: நிஜமாவா டீச்சர்.

பள்ளிக்கூடம், தையல் ஆலை என்று இருபத்து நான்கு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஒரு பெரிய ஓட்டலில் ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். சலவை அறைக்கு அடுத்த அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுற்றினால் இந்தப் பக்கம் போர்டு நடுங்கும். யாராவது முழு மதிப்பெண் வாங்கினால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் பேப்பரை எடுத்துப் பார்ப்பார்.

“வீட்டுல சார் இருமினாக்கூட நிஜமாவான்னு கேப்பாங்க போல” என்பார் லிஃப்ட்காரர். வகுப்பே சிரிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சலவை அறையில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

“அவங்கள வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க டீச்சர்” என்றார் லிஃப்ட்காரர். “தேய்க்க வந்த கெஸ்ட் கோட்டுப் பையில இருந்த வாட்ச்ச எடுத்தேன்னு இங்கிலீஷ்லயே ஒத்துக்கிட்டாங்களாம்.”

“நிஜமாவா?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மேல் டீச்சருக்கும் சந்தேகம்தான். போன வகுப்பில் அக்கா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லத் திணறுகிறவர் ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார் என்பது அதைவிடச் சந்தேகமாக இருந்தது. நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

“என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க.”

மேனேஜர் அறிக்கையைப் பார்த்தார். விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. “‘யூ டிட்ன்ட் டேக் இட்?’னு மூணு தடவை கேட்டிருக்கார். மூணு தடவையும் ‘யெஸ்’. அப்புறம் என்ன டீச்சர்?”

டீச்சர் பேப்பரை விட்டு அவரைப் பார்த்தார். “நீங்க இன்னும் சாப்பிடலையே சார்?”

“ஆமா. எங்க நேரம்?”

“ஆமான்னா, சாப்பிட்டாச்சா?”

“சாப்பிடலன்னுதானே சொன்னேன்?”

“அவங்களும் அதத்தான் சொல்லியிருக்காங்க. ஆமா, எடுக்கல. முதல் பாதி மட்டும் இங்கிலீஷ்ல வந்திருக்கு.”

மேனேஜர் அறிக்கையை மறுபடி படித்தார். இப்போது அவர் பார்வையிலும் டீச்சரின் சந்தேகம் வந்திருந்தது. “அந்த மிச்சத்தையும் சொல்லியிருக்கலாமே. ஒத்த வார்த்தையில நிறுத்தச் சொல்லி யார் சொல்லிக்கொடுத்தா?”

டீச்சருக்குத் தான் நடத்திய போன வாரப் பாடம் ஞாபகம் வந்தது. அதிகாரிங்க கேட்டா வளவளன்னு பேசாதீங்க, யெஸ், நோ போதும்.

“நான்தான்” என்றார்.

மறுநாள் தமிழில் விசாரித்தார்கள். வாட்ச் கிடைக்கவில்லை, ஆனால் ‘ஒப்புக்கொண்டார்’ என்ற வரியை அடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை இஸ்திரி அக்கா தன் நாற்காலியில் இருந்தார்.

“இனிமே யெஸ்ஸோட நிறுத்தக்கூடாது. முழு வாக்கியம். புரிஞ்சுதா?”

எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திச் சொன்னார்: “நோ டீச்சர். ஐ டிட் நாட் டேக் த வாட்ச்.”

‘நிஜமாவா’ தொண்டை வரை வந்தது. டீச்சர் அதை விழுங்கிவிட்டு, போர்டை அழிக்கத் திரும்பினார்.